காணாமற்போன ஒரு தட்டுச் சோறு

கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் கலோரி அட்டவணையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இடப்பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கும். அதை ஒட்டியது நான்தான். ஏணி கிடைக்கவில்லை, கதிரையில் ஏறி ஒட்டினேன், கதிரைக்கு ஒரு கால் கட்டை. ஓய்வு பெறும் இந்த நாள்வரை அதை நேராக்க எனக்கு நேரம் வரவில்லை. புதிதாக வந்திருக்கும் உங்களில் யாராவது நேராக்கினால் நன்றி.

படம் சரிந்திருந்தாலும் அதில் எழுதியிருப்பது சரி. ஒரு கிராம் மாப்பொருளில் நான்கு கலோரி, புரதத்தில் நான்கு, கொழுப்பில் ஒன்பது. உடம்பு செலவழிப்பதைவிடக் கூடுதலாக உள்ளே போனால் நிறை ஏறும். குறைவாகப் போனால் இறங்கும். இதற்கு விதிவிலக்காகத் தன்னைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் வாரம் நான்கு பேராவது இருப்பார்கள். "நான் பச்சைத்தண்ணி குடிச்சாலும் உடம்பு வைக்குது மிஸ்" என்பார்கள். பச்சைத்தண்ணியில் ஒன்றும் இல்லை. தேத்தண்ணியில் மூன்று கரண்டி சீனி இருக்கிறது. மன்னாரில் ஒரு வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிக்காமல் திரும்பினால் அந்த வீட்டோடு கோபம் என்று அர்த்தம். ஐந்து வீட்டுக்குப் போனவர் ஐந்து தேத்தண்ணி குடித்திருப்பார். அதைச் சாப்பாட்டுக் கொப்பியில் எழுதச் சொன்னால், "அது சாப்பாடில்லையே" என்று நம்மைப் பாவமாகப் பார்ப்பார்.

இப்படி முப்பது வருடம் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வியாதி வரும். கொப்பியைக் கையில் வாங்கும்போதே கள்ளனைத் தேடத் தொடங்கிவிடுவீர்கள். சீருடை மட்டும்தான் தாதியின் சீருடை, உள்ளே இருப்பது பொலிஸ். எனக்கு அது நன்றாகவே முற்றியிருந்தது. அதனால் ஒரு பிள்ளையின் உயிர் போகப் பார்த்தது. அந்தக் கதையை மட்டும் உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போகிறேன். மற்ற நாட்களில் நிறை பார்த்தேன், அட்டையில் எழுதினேன், மூன்றரை மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். அதில் சொல்வதற்கு எதுவும் இல்லை.

பாப்பாமோட்டைப் பக்கத்துக் குடும்பம். பெயர்களை மாற்றியிருக்கிறேன். தாய், மகள், மகன், மூன்று பேர். பிள்ளைகள் இரண்டு பேரும் தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்தவர்கள். திரும்பி வந்த சில வருடங்களில் தகப்பன் இறந்துவிட்டார். மகன் ரமணனுக்கு இருபத்தேழு வயது. வயல் உழும் லான்ட்மாஸ்டர் ஓட்டிக்கொண்டிருந்தவன். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்தில் இரண்டு நாள் மெசினில் படுத்து இரத்தம் சுத்திகரிக்க வேண்டிய நிலைக்கு வந்திருந்தான். அக்கா சுகந்திக்கு முப்பத்திரண்டு. முன்பள்ளியில் படிப்பித்தாள். தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தம்பிக்குக் கொடுக்க அவள் சம்மதித்தாள். இரத்தம் பொருந்தியது. மற்றச் சோதனைகளும் பொருந்தின. நிறைதான் பொருந்தவில்லை.

கட்டையான பிள்ளை, எண்பத்து நான்கு கிலோ. மாதம் ஒருமுறை வெளி மாவட்டத்திலிருந்து வரும் நிபுணர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எழுபத்தைந்துக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைப்பேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மயக்க மருந்து ஆபத்து, காயம் ஆறும் பிரச்சினை, பிறகு மிச்சமிருக்கும் ஒற்றைச் சிறுநீரகத்துக்கு வரும் சுமை, எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சுகந்தியை என்னிடம் அனுப்பினார்கள். ரமணனின் சாப்பாட்டைப் பார்ப்பதும் என் வேலை. அவன் செவ்வாய்க்கிழமை வருவான், அவள் வெள்ளிக்கிழமை வருவாள். தாய் இரண்டு நாளும் வருவார். வாசலுக்குப் பக்கத்தில், நோயாளிகள் காத்திருக்கும் நீட்டு வாங்கில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார்.

சுகந்திக்கு நாளொன்றுக்கு ஆயிரத்து நானூறு கலோரிக்கு ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தேன். அவள் கொப்பி எழுதிய மாதிரி இன்றுவரை வேறு யாரும் எழுதவில்லை. முன்பள்ளி ஆசிரியை அல்லவா, கோடு போட்டு, நேரம் போட்டு, "இடியப்பம் 3, சொதி அரை அகப்பை" என்று குண்டு குண்டாக எழுதியிருப்பாள். தேத்தண்ணிகூட இருந்தது. சீனி இல்லாமல். முதல் இரண்டு மாதத்தில் இரண்டரைக் கிலோ இறங்கியது. பிறகு நின்றது. மூன்றாம் மாதம் எண்பத்தொன்றரை, நான்காம் மாதம் எண்பத்தொன்றரை. ஐந்தாம் மாதமும் அதுவே.

கொப்பியில் இருந்ததைக் கூட்டிப் பார்த்தேன், ஆயிரத்து நானூறு. அவளுடைய உயரத்துக்கும் நடமாட்டத்துக்கும் அந்த அளவில் நிறை நிற்காது. தைரொயிட் பார்த்தாயிற்று, சரி. வேறு மருந்தும் எடுக்கவில்லை. அப்படியென்றால் கொப்பி பொய் சொல்கிறது என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டியதோடு நின்றிருக்கலாம்.

ஐந்தாம் மாதம் அந்த வெள்ளிக்கிழமைதான் நிபுணரும் வந்திருந்தார். அவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னும் நாலு மாதம் பார்ப்பம். இல்லையெண்டால் இந்தப் பிள்ளையை விட்டிட்டு வேற ஆளைத் தேடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தேடுவதற்கு வேறு ஆள் அந்த வீட்டில் இல்லை. தாய்க்கு வேறு இரத்தப் பிரிவு. எனக்கும் பயம் பிடித்துவிட்டது. என் பயம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"சுகந்தி, கலோரி காத்தில வந்து உடம்பில ஒட்டுறேல்லை," என்றேன். வாங்கில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். "நீங்கள் எழுதுறது ஒண்டு, சாப்பிடுறது வேறொண்டு. தம்பியின்ர உயிர் உங்கட வாயிலதான் இருக்கு. உண்மையைச் சொல்லுங்கோ, கள்ளமாச் சாப்பிடுறியளோ இல்லையோ?"

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே தாய் இருந்தார். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஓம் மிஸ்," என்றாள். "சாப்பிடுறனான்."

"என்ன சாப்பிடுறியள்?"

"பிஸ்கட்."

"எத்தினை?"

"ஒரு பைக்கற்."

நான் வெற்றி பெற்றவள் போல அட்டையில் 'பிஸ்கட்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். வாங்கில் யாரோ ஒரு அம்மா "சும்மா சொல்லக்கூடாது, மிஸ் கெட்டிக்காரி" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறை வந்தது. அதனால் வெள்ளி கிளினிக்கையும் செவ்வாயோடு சேர்த்து வைத்தோம். அன்றுதான் முதல் தடவையாக அக்காவின் அட்டையும் தம்பியின் அட்டையும் என் மேசையில் ஒரே நேரத்தில் கிடந்தன.

ரமணனைப் பற்றி எனக்குக் கவலையே இருந்ததில்லை. தாய் ஒவ்வொரு தடவையும், "வழிச்சுத் துடைச்சுச் சாப்பிடுறான் மிஸ், கோப்பை கழுவத் தேவையில்லை" என்பார். அவர் சொன்ன அளவைக் கூட்டினால் இரண்டாயிரத்து நூறு வந்தது. நிறையும் குறையவில்லை. அவன் மெசினில் படுக்கப் போகும் முன்னர்தான் என்னிடம் நிறை பார்ப்பான். இதிலே என் பிழையைக் கவனியுங்கள். சிறுநீரகம் வேலை செய்யாதவரின் உடம்பில் தண்ணீர் தேங்கும். முன்னால் நிறுத்தால் அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் நிறுக்கிறோம். மெசின் தண்ணீரை எடுத்த பிறகு வருவதுதான் ஆளின் நிறை. அது வேறு தாளில், வேறு அறையில் இருந்தது. நான் போய்ப் பார்த்ததில்லை. அன்று ஏனோ போய்ப் பார்த்தேன். ஐந்து மாதத்தில் ஐம்பத்தெட்டிலிருந்து ஐம்பத்து மூன்றுக்கு வந்திருந்தான். தசை கரைந்து, கரைந்த இடத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது. தராசு எனக்கு அதே இலக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

கதிரையில் இருந்து இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தேன். தம்பி சாப்பிடுவதாகச் சொன்னதில் நாளுக்கு ஏறக்குறைய ஐந்நூறு கலோரி அவன் உடம்பில் வந்து சேரவில்லை. அக்கா சாப்பிடுவதாக எழுதியதைவிட ஏறக்குறைய ஐந்நூறு கலோரி அவள் உடம்பில் கூடுதலாக வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு வீட்டில் ஒரு தட்டுச் சோறு காணாமற்போகிறது, அதே வீட்டில் கணக்கில் இல்லாத ஒரு தட்டுச் சோறு கிடைக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு போயா தேவைப்பட்டது.

அடுத்த நாள் மத்தியானம் கடலுக்கு மேலே போகும் தாம்போதியைத் தாண்டி பஸ் எடுத்துப் போனேன். சொல்லாமல்தான் போனேன். அதிலும் ஒரு பொலிஸ் புத்தி இருந்தது. ஆனால் மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு வீட்டுக்குப் போனால் சோதனை செய்ய வந்தேன் என்று சொல்ல முடியாது. தாய் என்னைக் கண்டதும் பாயை உதறிப் போட்டு, சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துவிட்டார். மறுத்துப் பார்த்தேன்.

"எங்கட வீட்டில கை நனைக்கமாட்டியளோ மிஸ்?" என்றார்.

நனைத்தேன். மீன் குழம்பும் முருங்கையிலை வறையும். நன்றாக இருந்தது. தாய் ஒரு பழைய பால்பேணியைச் சுண்டாக வைத்து, அதால் அரிசி அளந்துதான் உலை வைப்பாராம். முகாமில் அளந்து கொடுத்ததை அளந்து சமைத்துப் பழகிய கை, திரும்பி வந்து இத்தனை வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். நீங்கள் சாப்பிடவில்லையா என்று கேட்டேன். "நான் பிறகு" என்றார். எல்லா வீட்டிலும் எல்லாத் தாய்மாரும் சொல்வதுதானே, நான் அடுத்த கவளத்தை எடுத்தேன்.

அதற்கிடையில் ரமணனுக்கு ஒரு கோப்பை நிறையச் சோறு போட்டு, சுகந்தியிடம் கொடுத்தார். அவன் அறைக்குள் படுத்திருந்தான். அவள் கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் கோப்பையோடு பின்பக்கமாகப் போவது தெரிந்தது. கை கழுவ என்று சொல்லி எழுந்து நானும் கிணற்றடிக்குப் போனேன்.

சுகந்தி குசினிச் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு தம்பியின் கோப்பையிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ருசித்துச் சாப்பிடுகிறவள் நின்றுகொண்டு, கதவைப் பார்த்துக்கொண்டு, அந்த வேகத்தில் சாப்பிடமாட்டாள். மருந்து விழுங்குகிற மாதிரி விழுங்கினாள். என்னைக் கண்டதும் வாயில் இருந்ததை மெல்லாமல் நின்றாள்.

"அம்மாட்டச் சொல்லாதேங்கோ மிஸ்," என்றாள். "அவனுக்கு நாலு வாய்க்கு மேல இறங்குதில்லை. ஓங்காளிச்சுச் சத்தி வருது எண்டுறான். அவன் சாப்பிடேல்லை எண்டு தெரிஞ்சா அம்மா உடைஞ்சு போவா. கோப்பை வெறுமையாப் போனா அவவுக்கு ஒரு நிம்மதி."

"கோழிக்குப் போடலாமே பிள்ளை."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "சோறு கொட்டுறதோ? நாங்கள் முகாமில வளந்தனாங்கள் மிஸ்."

பிஸ்கட் என்று எழுதி நான் இரண்டு கோடு போட்ட அட்டை ஞாபகம் வந்தது. பதினைந்து பேருக்கு முன்னால், தாய்க்குத் தெரியக்கூடாது என்பதற்காக, சாப்பிடாத பிஸ்கட்டைச் சாப்பிட்டேன் என்று அவள் ஒத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்க நேரம் இல்லை. சொல்லாதே என்று கும்பிடுகிறாள். சொல்லாவிட்டால் தம்பி மெலிந்து சாவான், அக்கா நிறை குறையாமல் நிற்பாள், நான்கு மாதம் முடிந்துவிடும். நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு கிணற்றடியில் நிற்பீர்கள். நோயாளியின் இரகசியத்தைக் காப்பாற்று என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள், அது சரிதான். ஆனால் இங்கே இரண்டு பேர் என் நோயாளிகள், ஒருவரின் இரகசியம் மற்றவரைக் கொல்கிறது. அரை மணி நேரம் அவளோடு கதைத்தேன். கடைசியில், "நீங்களே சொல்லுங்கோ, எனக்கு வாய் வராது" என்றாள்.

உள்ளே போய்த் தாயிடம் சொன்னேன். அழுவார் என்று எதிர்பார்த்து, பக்கத்தில் தண்ணீர்ச் செம்பையும் எடுத்து வைத்திருந்தேன்.

"எனக்குத் தெரியும் மிஸ்," என்றார் தாய்.

செம்பை எடுத்து நானே குடித்தேன்.

"பெத்த பிள்ளை சாப்பிடுறானோ இல்லையோ எண்டு முகம் காட்டாதோ?" என்றார். "அவன் விடுறதை அவள் சாப்பிடுறாள் எண்டும் தெரியும். அதுக்குத்தான் கூடப் போட்டுக் குடுக்கிறனான்."

"ஏனம்மா?"

"நீங்கள் அவளைப் பட்டினி போடுறியளே! உறுப்பு வெட்டி எடுக்கப்போற பிள்ளை. உடம்பில சத்தில்லாமல் மேசையில ஏத்தலாமோ? நான் சாப்பிடு எண்டா அவள் கேக்கமாட்டாள், உங்கட கடதாசியைத்தான் பாப்பாள். தம்பியின்ர கோப்பையில கிடந்தா கொட்டமாட்டாள். எனக்கு என்ர பிள்ளையைத் தெரியும்."

நிறை ஏன் குறைய வேண்டும் என்று சுகந்திக்கு நான்கு தடவை விளங்கப்படுத்தியிருந்தேன். படம் கீறிக்கூடக் காட்டினேன். அந்த வீட்டில் அகப்பை பிடிக்கிறவர் வாங்கில் இருந்தார், அவருக்கு ஒரு தடவையும் சொல்லவில்லை. இப்போது சொன்னேன். மயக்க மருந்து, காயம், ஒற்றைச் சிறுநீரகம் என்று எல்லாம். தாய் கடைசிவரை கேட்டார்.

"அப்ப மெலிஞ்சாத்தான் அவள் எழும்பி வருவாளோ?"

"ஓம் அம்மா."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே மிஸ்," என்றார்.

அங்கேயே பாயில் இருந்து ஒரு தாள் எழுதினேன். அவர் சுண்டால் அளக்கிறவர் என்பதால் சுண்டுக் கணக்கிலேயே எழுதினேன். என் வேலை வாழ்க்கையில் இதைவிட நல்ல உணவுத் தாள் நான் எழுதியதில்லை என்று அப்போது நினைத்தேன். மகனுக்கு ஒரே கோப்பையில் கொட்டாமல் ஆறு தடவையாகக் கொஞ்சம் கொஞ்சம், முட்டை வெள்ளைக்கரு, மீன், சோற்றுக்கு மேல் ஒரு கரண்டி நல்லெண்ணெய். மகளுக்கு இவ்வளவு சோறு, இவ்வளவு மரக்கறி. மத்தியானத்துக்கு அரிசி மகனுக்கு முக்கால் சுண்டு, மகளுக்கு அரைச் சுண்டு. ஒருவரின் கோப்பையை மற்றவர் தொடக்கூடாது என்று கீழே எழுதி, இந்தத் தடவையும் இரண்டு கோடு போட்டேன். தாய் அதை வாங்கி அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினார். சரியாமல் ஒட்டினார்.

வேலை செய்தது. மாதம் ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் சுகந்தி இறங்கினாள். ரமணனின் சத்திக்கு டொக்டர் மருந்தை மாற்றினார். மெசினுக்குப் பிறகு பார்க்கும் நிறை நின்று, மெல்ல ஏறத் தொடங்கியது. நான்காம் மாத முடிவில் அவள் எழுபத்து நான்கு தசம் ஆறு. நிபுணர் கையெழுத்துப் போட்டார். அறுவைச் சிகிச்சையும் நடந்தது. இன்றைக்கு ரமணன் மறுபடி லான்ட்மாஸ்டர் ஓட்டுகிறான், அக்கா முன்பள்ளிக்குப் போகிறாள். முடிவு நல்லது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. அவர்கள் அறுவைச் சிகிச்சைக்குப் புறப்பட்ட நாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

காலை பத்தரை மணி. அவர்களை ஏற்றிப்போக வந்த வான் வாசலில் நிற்கிறது. கடைசி நிறையை எழுதிக் கடிதத்தோடு அனுப்ப வேண்டும். அக்காவை நிறுத்தேன், தம்பியை நிறுத்தேன், எழுதினேன். கிளினிக்கில் எல்லோருக்கும் கதை தெரியும், வாங்கில் இருந்தவர்கள் எல்லாம் வாழ்த்துச் சொன்னார்கள். நான் கொஞ்சம் பெருமையோடு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். அப்போது தாய் எழுந்து வந்தார்.

"என்னையும் ஒருக்கா நிறுங்கோ மிஸ்," என்றார். "ரெண்டு பேரையும் அங்க வைச்சுப் பாக்கவேணும். எனக்குத் தெம்பிருக்கோ எண்டு பாப்பம்."

செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினார். முப்பத்தேழரை. நான் அவரை இறங்கச் சொல்லி, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி ஏறச் சொன்னேன். முப்பத்தேழரை. கையில் பை இருந்தது. பையை வாங்கி வைத்துவிட்டு நிறுத்தேன். முப்பத்தாறு தசம் எட்டு.

"மெசின் பிழையாக்கும்," என்றார் தாய்.

மெசின் சரி. அதே மெசினில்தான் ஒன்பது மாதமாக அவரின் பிள்ளைகளைக் கால் கிலோ, அரைக் கிலோ என்று நிறுத்துக்கொண்டிருந்தேன். அவர் ஐந்தடி தூரத்தில் வாங்கில் இருந்தார்.

"அம்மா, மத்தியானத்தில என்ன சாப்பிடுறனீங்கள்?"

"பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவன்."

"என்ன சாப்பிடுவீங்கள்?"

"இருக்கிறதை."

"நேற்று என்ன இருந்தது?"

யோசித்தார். "நேற்று ஒண்டும் மிஞ்சேல்லை. தேத்தண்ணி குடிச்சனான். பாண் துண்டொண்டு கிடந்தது."

"சோறு எத்தினை சுண்டு போட்டனீங்கள்?"

"ஒண்டேகால்," என்றார். குரலில் கொஞ்சம் ரோசம் இருந்தது. "நீங்கள் எழுதித் தந்தபடிதான். நாலு மாதமா ஒரு பிடி கூடக் குறையப் போட்டதில்லை."

முக்கால், அரை. ஒன்றேகால். நான் கூட்டிப் பார்த்தேன். கூட்ட வேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் கூட்டினேன்.

"அதில உங்கட பங்கு எங்கையம்மா?"

"என்ர பேர் அதில இல்லையே மிஸ்," என்றார்.

முகாமில் அட்டையில் பெயர் இருக்கிறவருக்குத்தான் அரிசி அளப்பார்கள். பெயர் இல்லாதவருக்கு இல்லை. யாரும் அதற்குக் கோபிப்பதில்லை, அதுதான் ஒழுங்கு. நான் ஒரு அரச உத்தியோகத்தர், தாளில் இரண்டு பேருக்கு அளவு எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர் அந்த ஒழுங்கை நான்கு மாதம் ஒரு பிடி பிசகாமல் காப்பாற்றியிருக்கிறார். அந்தத் தாளுக்கு முதல் அவருக்கு ஏதாவது மிஞ்சியிருக்கும். நான் துல்லியமாக எழுதியதால் மிஞ்சவில்லை.

சுகந்தி தராசின் இலக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அம்மா பிறகுதான் சாப்பிடுவா மிஸ்... எப்பவும் அப்பிடித்தான்..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டாள்.

வான்காரர் ஹோர்ன் அடித்தார். நேரத்துக்குப் போகாவிட்டால் அங்கே கட்டில் போய்விடும். தாயை இங்கே மறித்து வைத்துச் சோதனை செய்யலாம், ஆனால் பிள்ளைகளைப் பார்க்க வேறு ஆள் கிடையாது. வாய் நிறைய அறிவுரை சொல்லி அனுப்பலாம், அதைத்தான் ஒன்பது மாதமாகச் செய்தேன். மேசைக்குக் கீழே என் சாப்பாட்டுப் பெட்டி இருந்தது. எடுத்துத் திறந்து அவர் கையில் வைத்தேன்.

"இதை முடிச்சாத்தான் கடிதத்தில முத்திரை குத்துவன்," என்றேன். முத்திரை ஏற்கெனவே குத்தியாயிற்று. அது அவருக்குத் தெரியாது.

"பிள்ளைகள் சாப்பிடேல்லை..."

"அம்மா," என்றான் ரமணன். அவன் அதிகம் கதைக்கிறவன் அல்ல. "நீங்கள் சாப்பிடாட்டி நான் வானில ஏறமாட்டன்."

தாய் வாங்கில் இருந்து, கிளினிக் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, சாப்பிடத் தொடங்கினார். பாதியில் மூடியை எடுத்து மூடப் பார்த்தார். மிச்சத்தை யாருக்கு என்று நாம் கேட்கத் தேவையில்லை. சுகந்தி மூடியைப் பிடுங்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். ஹோர்ன் இன்னும் இரண்டு தடவை அடித்தது. நான் ஒரு புது அட்டையை எடுத்தேன். பெயர் என்ற கோட்டில் எழுதப் போனபோது கை நின்றது. ஒன்பது மாதமாக இரண்டு பிள்ளைகளின் அட்டையிலும் 'தாய்' என்றுதான் எழுதியிருக்கிறேன்.

"உங்கட பேரென்னம்மா?"

"தங்கலெட்சுமி," என்றார் வாய் நிறையச் சோற்றோடு.

எழுதினேன். அலுமாரியில் ஒட்டிய தாளில் ஒரு வரி கூட்ட வேண்டும் என்று சொல்லி, வேறு ஒரு தாளில் மூன்று பேருக்கு அளவு எழுதினேன். அவரின் பெயரை முதலில் போட்டேன். அதைச் சுகந்தி வாங்கி வாசித்துவிட்டு மடித்து வைத்தாள். நான்கு மாதத்தில் மெலிந்துபோன உடம்பு ஒரு பெட்டிச் சோற்றில் திரும்பி வராது என்று அவளுக்கும் எனக்கும் தெரியும். ஒரு கிலோ ஏறுவதற்கு எத்தனை ஆயிரம் கலோரி வேண்டும் என்று சுவரிலும் எழுதியிருக்கிறது.

தாய் பெட்டியை வழித்துத் துடைத்து, மூடி, என்னிடம் தந்தார். கை கழுவிவிட்டு நேரே தராசுக்குப் போனார்.

"இப்ப நிறுங்கோ."

"இப்ப நிறுத்து என்னம்மா..."

"நிறுங்கோ மிஸ். இதுகள் ரெண்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்குதுகள். இப்பிடியே கொண்டுபோய் அங்க படுக்க வைக்கேலாது."

நிறுத்தேன். முப்பத்தேழு தசம் இரண்டு. நானூறு கிராம் கூட. வயிற்றுக்குள் இருக்கும் சாப்பாட்டின் பாரத்தை உடம்பின் நிறை என்று சொல்லக்கூடாது என்று முப்பது வருடமாகப் படிப்பித்தவள் நான். அட்டையில் எழுதினேன்.

தாய் இலக்கத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார்.

"பாத்தியளோ, ஏறிட்டுது," என்றார். "இனி வாங்கோ, வான் நிக்குது."